காம்பவுண்ட் வில்லின் நாணில் லூப் கட்டலாமா?

தில்லி மயூர் விஹாரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. பழைய காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் கேம் எனும் சக்கரங்கள் உள்ள வில்) ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கி ஆறு மாதமாகப் பயிற்சி செய்து வருகிறீர்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் தாடையை நேரடியாக நாணிலேயே, அம்பின் அடிமுனைக்குச் சற்றுக் கீழே மாட்டி இழுக்கிறீர்கள். இப்போது அந்த இடத்தில் நாணின் மேல் சுற்றியிருக்கும் சர்விங் நூல் பிரிந்து பிசிறு பிசிறாக நிற்கிறது. திடலில் ஒருவர் லூப் (நாணில் கட்டும் சிறு கயிற்று வளைவு) கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் லூப் வேகத்தைத் தின்றுவிடும், அறுந்தால் பல் போகும் என்கிறார். யார் சொல்வது சரி, போட்டி விதிகள் இதை ஏற்கின்றனவா, கட்டுவதானால் எப்படி என்பவை உங்கள் கேள்விகள்.

கட்டுங்கள். அந்த இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். லூப் கட்டுவது பத்து நிமிட வேலை. கட்டிய பிறகு வில்லின் இழுநீளம் (நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது), அம்பு அமரும் உயரம், பீப் சைட்டின் (நாணில் பொருத்தி, கண்ணால் ஊடே பார்க்கும் சிறு துளை) திசை ஆகிய மூன்றையும் மறுபடி அமைப்பதுதான் உண்மையான வேலை. அதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் லூப்பைக் குறை சொல்கிறார்கள்.

விதிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்வித்தையின் உலக அமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரியின் விதிகளின்படி காம்பவுண்ட் பிரிவில் ரிலீஸுக்கு அனுமதி உண்டு. அது வில்லோடு இணைக்கப்பட்டிருக்கக் கூடாது, அதில் மின்சார அல்லது மின்னணுக் கருவி எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவே. நாணில் கட்டும் லூப்புக்குத் தடை இல்லை. வில்லின் உச்ச இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும், பழைய வில் வாங்கியவர் என்ற முறையில், ஒரு தராசில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விரலால் நாணை இழுக்கும் ரீகர்வ் வில் பிரிவில் ரிலீஸே கிடையாது என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். ரிலீஸை நேரடியாக நாணில் மாட்டும்போது இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. முதலாவது உங்கள் கண்ணுக்கே தெரிகிறது: உலோகத் தாடை ஒவ்வோர் எய்தலிலும் சர்விங்கின் மேல் உரசித் திறக்கிறது, நூல் தேய்கிறது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. நீங்கள் இழுக்கும் புள்ளி அம்பின் நேர்பின்னால் இல்லை. சுமார் ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. ஆகவே முழுதாக இழுத்த நிலையில் நாண் அம்புக்கு மேலே ஒரு கோணத்திலும் கீழே வேறொரு கோணத்திலும் மடிகிறது. அம்பின் அடியிலிருந்து நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் முனையை (நாக் என்பார்கள், தமிழில் வேற்றுமை உருபு சேர்த்தால் அது வாயில் இருக்கும் நாக்காகிவிடுவதால், நான் நாக்முனை என்றே எழுதுகிறேன்) தாடை கீழிருந்து நெருக்குகிறது. இழுக்கும்போது அம்பு, அதைத் தாங்கும் ரெஸ்டிலிருந்து எழும்பி ஆடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது கை நடுக்கம் அல்ல, இந்த நெருக்கல்தான். இரு கேம்களின் அச்சுகளுக்கும் இடையே 30, 31 அங்குலமே இருக்கும் குட்டையான விற்களில் நாண் மடியும் கோணம் இன்னும் கூர்மையாக இருப்பதால் தொல்லையும் கூடுதலாக இருக்கும்.

லூப் என்பது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் கயிற்றில் ஒரு சிறு துண்டு. அதன் ஒரு முனை நாக்முனைக்கு மேலேயும் மறுமுனை கீழேயும் நாணில் கட்டப்பட்டு, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில டி எழுத்தைப் போல வளைந்து நிற்கும். டி லூப் என்ற பெயர் அதனால் வந்தது. ரிலீஸ் இந்த வளைவைப் பிடித்து இழுக்கும்போது விசை மேல் முடிச்சுக்கும் கீழ் முடிச்சுக்கும் பிரிந்து சென்று, கூட்டாக அம்பின் நேர்பின்னால் செயல்படுகிறது. தாடை நாணைத் தொடுவதே இல்லை. தேய்வதெல்லாம் லூப் மட்டுமே, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கையால் பிடித்தே இழுக்க வேண்டும் என்பதும் இல்லை. பிறவியிலேயே கைகள் இல்லாத ஷீத்தல் தேவி வில்லைக் காலால் தாங்கி, தோளின் பலத்தில் நாணை இழுத்து, தன் முகத்தாடையின் அசைவால் அம்பை விடுவித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

வேகம் குறையும் என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். காம்பவுண்ட் வில்லில் இழுப்பு ஓர் இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அதற்கு மேல் நாண் வராது. ஆகவே நாணுக்கும் ரிலீஸுக்கும் நடுவே அரை அங்குல லூப் வந்து உட்கார்ந்தால், நாண் பழைய இடத்திலேயே நிற்க, உங்கள் கை அரை அங்குலம் பின்னால் போகிறது. தாடையெலும்பில் பழகிய இடத்தில் ஊன்ற வேண்டிய கைமுட்டி காதுக்குப் பின்னால் நழுவுகிறது. அதைச் சரிசெய்ய, கேமில் உள்ள மாட்யூல் என்ற துண்டை மாற்றி வில்லின் இழுநீளத்தை அரை அங்குலம் குறைக்க வேண்டும். இழுநீளம் ஓர் அங்குலம் குறைந்தால் அம்பின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 அடி குறையும் என்பது வில்லாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு; எனவே அரை அங்குலத்துக்கு 5 அடி. வினாடிக்கு 270, 280 அடி வேகத்தில் போகும் அம்பில் 5 அடி போனால் 50 மீட்டரில் குறிபார்க்கும் சைட்டைச் சற்று இறக்கிவைக்க வேண்டியிருக்கும், வேறொன்றும் ஆகாது. இலக்குப் பயிற்சியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படுவதுதான் முக்கியம். அந்த வேகத்துக்காக அழ வேண்டியதில்லை.

ஆனால் இந்த அரை அங்குலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பெருந்தவறு. உங்கள் வில் வேறொருவர் உடம்புக்கு அமைத்தது. அவர் உங்களைவிட உயரமானவராக இருந்திருந்தால் இழுநீளம் இப்போதே உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். லூப் அதை மேலும் நீட்டிவிடும். முழுதாக இழுத்த நிலையில் யாரையாவது பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்புக்கு மேல் உடல் பின்னால் சாய்ந்திருந்தாலோ, வில் பிடித்த கை முழங்கையில் விறைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாலோ, இழுநீளம் அதிகம் என்று பொருள். சிலர் ரிலீஸின் பட்டையை மட்டும் இறுக்கிச் சமாளிக்கிறார்கள். விரல் ரிலீஸின் விசையை (ட்ரிக்கரை) எட்டுவதற்காக ரிலீஸின் தண்டைச் சரிசெய்வது வேறு, வில்லின் இழுநீளத்தைச் சரிசெய்வது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தில்லிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூன் மாதம் வெறுங்கையில் கட்டிய பட்டையை ஜனவரிப் பனியில் தடித்த ஜாக்கெட்டின் கைமேல் கட்டினால், ரிலீஸின் வாய் உள்ளங்கையிலிருந்து நிற்கும் தூரம் மாறிவிடுகிறது. குளிர்காலத்தில் திடீரென்று அம்புகள் இடம் மாறுகின்றன என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பட்டை எதன்மேல் கட்டியிருக்கிறது என்பதைத்தான்.

இப்போது கட்டும் முறை. அதற்கும் முன்பாக, பிரிந்துபோன சர்விங்கை மாற்றுங்கள். தளர்ந்த சர்விங்கின் மேல் கட்டிய லூப் ஏறி இறங்கும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நடு சர்விங்கை, வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பிரஸ்ஸில் ஏற்றாமலே, சுற்றும் கருவியைக் கொண்டு வில்லின் மேலேயே சுற்றிவிடலாம். புதிய சர்விங்கில் நாக்முனை மெல்லிய 'டிக்' ஓசையுடன் கவ்வ வேண்டும். வில்லைத் தரையைப் பார்க்கப் பிடித்தால் அம்பு தொங்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். அதைவிட இறுக்கமும் வேண்டாம், தளர்ச்சியும் வேண்டாம்.

லூப்புக்கென்று விற்கும் கயிற்றையே வாங்குங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல் கயிற்றின் விலையைவிடக் கூரியர் கட்டணம் கூடுதலாக வரும். அதனால் ஒரே தடவையில் 2 மீட்டர் வாங்கிவிடுங்கள், அதில் பதினைந்து லூப்புகளுக்கு மேல் தேறும். ஷூ நாடா, மீன்பிடி நூல், சதர் பஜாரில் கிடைக்கும் நைலான் கயிறு ஆகிய மூன்றையும் லூப்பாகக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன். 60 பவுண்டு என்பது 27 கிலோ. 25 கிலோ அரிசிப் பையைவிடக் கனமான ஒரு சுமையை, ஒரு நாள் பயிற்சியில் நூறு தடவை, உங்கள் முகத்துக்கு நேரே இந்தத் துண்டுக் கயிறு தாங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

11 அல்லது 12 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒரு முனையைச் சிறிது கோதிப் பிசிறாக்கி லைட்டர் சுடரில் காட்டினால் இழைகள் உருகி உருண்டு ஒரு மொட்டு உண்டாகும். கருகி எரிய விடாதீர்கள். உருகிய உடனே லைட்டரின் உலோகப் பகுதியில் ஒற்றி லேசாகத் தட்டையாக்குங்கள். மொட்டு கயிற்றின் தடிமனைவிடத் தெளிவாக அகன்றிருக்க வேண்டும், ஏனென்றால் முடிச்சு உருவிக்கொண்டு போகாமல் தடுப்பது அதுதான். மறுமுனையையும் நாணில் கட்டுவதற்கு முன்பே சுட்டுவிடுவது என் வழக்கம். கட்டிய பிறகு நாணுக்கு அருகில் லைட்டரைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஆனால் இக்கால நாண்களில் உள்ள டைனீமா வகை இழை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸிலேயே உருகக்கூடியது. ஒரு நொடிச் சுடர் போதும், பல ஆயிரம் ரூபாய் நாண் பாழாகிவிடும். அளவு தவறினால் அந்தத் துண்டை எறிந்துவிட்டு வேறு துண்டு வெட்டுங்கள்.

முடிச்சு ஒன்றும் புதியதல்ல. ரயிலில் பெட்டிக்குப் பெயர் அட்டை கட்டும்போது கயிற்றை மடித்து, கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, மடிப்புக்குள் மறுமுனையை நுழைத்து இழுப்போமே, அதே முடிச்சுதான். மேல் முடிச்சில், மொட்டு உள்ள முனைக்கு அருகே கயிற்றை மடித்து, மடிப்பை நாணின் இடப்புறமிருந்து முன்பக்கமாக, அதாவது இலக்கைப் பார்த்த பக்கமாகக் கொண்டுபோய் வலப்புறம் வெளியே எடுத்து, மொட்டையும் நீண்ட பகுதியையும் சேர்த்து அதனுள் நுழைத்து இறுக்குங்கள். கீழ் முடிச்சை இதற்கு நேரெதிராக, வலப்புறமிருந்து தொடங்கிக் கட்ட வேண்டும். ஒரு மொட்டு நாணின் ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் இருப்பது அழகுக்காக அல்ல. இரண்டும் ஒரே பக்கத்தில் அமைந்தால், இழுக்கும்போதெல்லாம் லூப் நாணை ஒரே திசையில் திருகும்; பீப் சைட்டும் கூடவே திரும்பும்.

இறுக்குவதற்குக் கையின் பலம் போதாது. மூக்கு நீண்ட குறடு ஒன்றை லூப்புக்குள் மூடியபடி நுழைத்து, பிறகு கைப்பிடிகளை விரித்துத் திறந்தால், முடிச்சுகள் இரண்டும் ஒருசேர இறுகும். குறட்டின் பற்கள் கயிற்றைக் கடிக்காதபடி தாடைகளில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இறுகிய பிறகு லூப்பின் உள்ளளவு அரை அங்குலத்தை ஒட்டி நின்றால் போதும். ரிலீஸின் தாடை தாராளமாக நுழைந்து மூட வேண்டும், ஆனால் நாணைத் தொடக் கூடாது.

அம்பை மாட்டிப் பாருங்கள். முடிச்சுகள் நாக்முனையை இருபுறமும் நெருக்கிக்கொண்டு நின்றால் தவறு, ஏனென்றால் முழு இழுப்பில் நாண் மடியும்போது அந்த இடைவெளி இன்னும் குறுகும். நான் லூப்புக்குள், நாக்முனைக்கு மேலும் கீழும், மெல்லிய சர்விங் நூலால் சிறு முடிச்சுகள் போட்டுவிடுவேன். அம்பின் இடத்தை அவை காக்கும், லூப் இழுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். லூப்பை மாற்றும்போதும் அம்பின் உயரம் தவறாது. பித்தளை வளையங்களை இந்த இடத்தில் வைப்பவர்கள் உண்டு. அவற்றின் ஓரம் லூப் கயிற்றை அரிக்கும் என்பதால் எனக்கு அவை பிடிப்பதில்லை.

உயரத்தை முதலில், அம்பு நாணுக்குச் செங்கோணமாகவும் ரெஸ்ட் பொருத்தும் திருகுத்துளையின் நடுவே செல்வதாகவும் வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஒரு சட்டத்தில் செய்தித்தாளை விரித்து, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அதனூடே எய்து கிழிசலைப் பாருங்கள். இறகு கிழித்த இடம் முனை கிழித்த இடத்துக்கு மேலே இருந்தால், பெரும்பாலும் லூப்பைச் சிறிது இறக்க வேண்டியிருக்கும். இதற்காக முடிச்சை அவிழ்க்க வேண்டாம். சர்விங் என்பது திருகாணியின் புரியைப் போன்றது. லூப்பை நாணைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், அது சர்விங் நூலின் ஒரு தடிமன் அளவு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், ஏறும் அல்லது இறங்கும். உள்ளே நூல் முடிச்சுகள் போட்டிருந்தால் அவற்றையும் கூடவே சுற்ற வேண்டும். அதனால் உயரம் உறுதியான பிறகு அவற்றைப் போடுவதே நல்லது.

பீப் சைட் விஷயத்தில் ஓர் இழுபறி உண்டு. லூப்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், இழுக்கும்போது பீப் கண்ணுக்கு நேராக வந்துவிடும். பலர் அப்படித்தான் பீப்பைச் சரிசெய்கிறார்கள். ஆனால் லூப் நிற்க வேண்டிய திசை உங்கள் கையைப் பொறுத்தது. மணிக்கட்டுப் பட்டை ரிலீஸில் உள்ளங்கை ஏறத்தாழத் தரையைப் பார்க்கும். கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும் ரிலீஸில் கை சாய்வாக நிற்கும். கையின் இயல்பான சாய்வும் லூப்பின் திசையும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒவ்வோர் எய்தலிலும் நாண் சிறிது திருகிக்கொண்டு புறப்படும், காகிதத்தில் கிழிசல் இடவலமாகத் தெரியும். ஆகையால் லூப்பைக் கைக்கு ஏற்பத் திருப்பிவிட்டு, பீப்பை நாணின் முறுக்கைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வதே முறை. அதற்குப் பிரஸ் வேண்டும். அது இல்லாமல் கேமிலிருந்து நாணைக் கழற்ற முயலாதீர்கள்.

முதல் இழுப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில், கை விறைத்திருந்ததால் மொட்டை அவசரமாகச் சுட்டு, குறடு எடுக்கச் சோம்பி விரலாலேயே இறுக்கிவிட்டு, நேரே 50 மீட்டர் கோட்டில் போய் நின்றேன். இழுப்பின் உச்சத்தைத் தாண்டும்போது கீழ் முடிச்சு உருவிக்கொண்டது. என் கைமுட்டி என் உதட்டிலேயே வந்து மோதியது. அம்பு இலக்குப் பலகையின் தலைக்கு மேலே போய்ப் பனிமூட்டத்தில் மறைந்தது. பின்னால் மண்மேடு இருந்ததால் பிழைத்தேன். அம்பு மட்டும் நாணில் இல்லாதிருந்தால் வில்லின் முழு ஆற்றலும் வில்லுக்குள்ளேயே பாய்ந்து, நாண் கேமிலிருந்து தெறித்திருக்கலாம், வில்லின் வளையும் கிளை விரிசல் விட்டிருக்கலாம். எனவே புது லூப்பைக் குறட்டால் பலமுறை இழுத்துப் பார்த்த பிறகு, இழுவிசைத் திருகுகளைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குத் தளர்த்தி, அம்பை மாட்டி, இலக்குப் பலகைக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று, முகத்தைச் சற்று விலக்கி மெதுவாக இழுங்கள். பத்து அம்புகளுக்குப் பிறகு மொட்டுகளைப் பாருங்கள். அவை முடிச்சுக்குள் அமிழ்ந்து சிறுத்துப் போயிருந்தால் மறுபடி கட்டுங்கள். எப்போதும் இழுத்து முடிக்கும்வரை சுட்டுவிரல் விசைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

லூப் அடிக்கடி அறுகிறது என்றால் கயிற்றைச் சந்தேகிப்பதற்கு முன் ரிலீஸின் வாயைச் சோதியுங்கள். சிறிது பஞ்சை எடுத்துத் தாடைகளின் உட்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே உலோகப் பிசிறு இருக்கிறது. மிக மென்மையான உப்புத்தாளால் அதை மழுக்கிவிடலாம். நம் ஊர்க் கோடையில் வீசும் புழுதிக்காற்றும் லூப்புக்குப் பகைதான், பின்னலுக்குள் புகுந்த மண் உள்ளிருந்தே இழையை அறுக்கும். மேற்பரப்பு பூனைமயிர்போல் எழும்பினாலோ, தாடை உட்காரும் இடம் தட்டையாகி மினுங்கினாலோ, உள்ளிழை வேறு நிறத்தில் தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள். நான் வாரம் நான்கு நாள் எய்யும் பருவத்தில், கெட்டாலும் கெடாவிட்டாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன்.

போட்டிக்குப் போகிறவர் பையில் மூன்று பொருள்கள் கூடுதலாக இருக்கட்டும்: இரு முனையும் சுட்டுத் தயாராக வைத்த நாலைந்து துண்டுகள், குறடு, பழைய லூப்பின் உள்ளளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பேனா மூடியோ குச்சியோ. மேல் முடிச்சும் கீழ் முடிச்சும் நிற்கும் இடங்களை சர்விங்கில் அழியாத மையால் கோடிட்டு, லூப்பைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யமுனா விளையாட்டு வளாகத்திலோ வேறு எங்கோ, இரண்டு சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் புது லூப் கட்ட நேர்ந்தால், அந்தக் கோடுகளையும் குச்சியையும் வைத்துப் பழைய இடத்திலேயே கட்டிவிடலாம். சைட்டைத் தொட வேண்டியிருக்காது.